மூலம்தானே என்று ஒதுக்கலாமா?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் உறவினர் அனைவரும் அதை அறிந்திருப்பர். இரத்த அழுத்தத்தின் அளவைப் பற்றி நண்பர்களிடம் பேசவும் நாம் தயங்குவதில்லை. ஆனால், மலத்தோடு இரத்தம் கசிந்தால் அதை வாழ்க்கைத் துணையிடம்கூடச் சொல்வதில்லை. 'மூலமாக இருக்கும்' என்று நாமே முடிவுசெய்து, மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கிப் பூசி, மாதங்களைக் கடத்துகிறோம். பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கலாம். அவ்வாறு அல்லாத சிலருக்கோ, கடந்துபோன அந்த மாதங்கள் மீட்க முடியாதவை.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. புற்றுநோய் மரணங்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்நோய் குறைவு என்பது உண்மை. எனினும், நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர்.

இத்தனைக்கும் இந்நோய் நமக்குப் போதிய அவகாசம் தருகிறது. குடலின் உட்சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே இது பெரும்பாலும் தொடங்குகிறது. அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள்வரை ஆகலாம். அதற்குள் கொலோனோஸ்கோப்பி மூலம் கண்டறிந்து அகற்றிவிட்டால், நோயையே தடுத்துவிட முடியும்.

முதற்கட்டச் சோதனை மிக எளிது. சிறிதளவு மலத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அதில் உள்ளதா என்று ஆய்வகத்தில் பார்க்கின்றனர். 'ஃபிட்' எனப்படும் இச்சோதனைக்கு உணவுக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. ஜப்பானில் 40 வயதைக் கடந்தோருக்கு 1992 முதல் இது நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயதுவரை உள்ளோருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைப் பெட்டி அஞ்சலில் வீடு தேடி வருகிறது. சோதனையில் இரத்தம் தென்பட்டாலே புற்றுநோய் என்று பொருளன்று. கொலோனோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதே பொருள்.

நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பட்ட அரசின் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை உள்ளடக்கியது. பெருங்குடல் அதில் இல்லை. கொலோனோஸ்கோப்பி வசதி எல்லா ஊர்களிலும் இல்லாத நிலையில், அனைவருக்கும் உடனே சோதனை என்பது இயலாத காரியம். ஆனால், அரசுத் திட்டம் வரும்வரை தனிமனிதரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. 50 வயதை எட்டியோர் இதுபற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் எவருக்கேனும் இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலேயோ, அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போதே தொடங்குவது நன்று. இரத்தக் கசிவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமறியாத இரத்தசோகை, எடைக் குறைவு ஆகியவை இருப்போர் வயதைப் பாராமல் நேரே மருத்துவரை அணுக வேண்டும். அவர்களுக்கு 'ஃபிட்' சோதனையில் குறையில்லை என்று வந்தாலும் அது போதிய உறுதி ஆகாது.

செலவும் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர், நோய்த்தடுப்புப் பரிசோதனைக்குச் செலவிட்ட தொகையில் 5,000 ரூபாய்வரை, மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு வரம்புக்குள் கணக்கில் காட்டலாம். ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் உடற்பரிசோதனை செய்விக்கும் நிறுவனங்கள், 50 வயதைக் கடந்தோருக்கு இச்சோதனையையும் அதில் சேர்க்க முன்வர வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முதலில் அகல வேண்டியது நம் கூச்சமே. ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியம் பெறும் பெற்றோரை வாழ்நாள் சான்றிதழ் அளிப்பதற்காக நாம் வங்கிக்கு அழைத்து வருகிறோம். வழியில் அவர்களிடம் உடல்நிலை பற்றிக் கேட்கும்போது, வயிற்றையும் மலத்தையும் பற்றி வெளிப்படையாகவே கேட்போம். தயக்கத்தோடு ஏதேனும் சொன்னால், 'மூலம்தானே' என்று தள்ளிவிடாமல், அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.