சவேரியார் கல்லூரியில் நடைபெறாத உரை

மும்பை தூய சவேரியார் கல்லூரியில் 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஓர் உரை நிகழ்வதாக இருந்தது. "ஸ்டேன் சுவாமி நினைவு உரை" என்று பெயர். கல்லூரியின் சமயங்களுக்கிடையேயான ஆய்வுத் துறை ஏற்பாடு செய்திருந்தது. ரோம் நகரிலுள்ள கிரிகோரியன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரான பாதிரியார் பிரேம் கல்கோ இணையவழியில் பேசுவதாக இருந்தார். அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் எதிர்ப்புத் தெரிவித்தது. நிகழ்ச்சி நடைபெறுவதற்கு முன்பே கல்லூரி நிர்வாகம் அதை ரத்து செய்துவிட்டது.

தடியடி இல்லை, கண்ணாடி உடையவில்லை, எவரும் கைது செய்யப்படவில்லை. ஆகவே தில்லியில் பெரிய செய்தியாகவும் இது ஆகவில்லை. நாட்டின் பெயர்பெற்ற கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஒன்று, தன் மாணவர்கள் எதைக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை ஒரு கடிதத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது என்பது சிறிய செய்தியல்ல.

உரையின் பொருள் என்ன என்று எதிர்த்தவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்பது ஐயத்துக்குரியது. பிழைப்புக்காக மக்கள் இடம்பெயர்வதும், அந்தத் துயரத்தினூடே அவர்கள் காணும் நம்பிக்கையும்தான் தலைப்பு. ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடி மக்கள் நாள் என்பதால் அந்தத் தேதி. வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் உழைப்பால் எழுந்த நகரம் மும்பை. 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது அங்கிருந்து கால்நடையாகப் புறப்பட்டவர்களை நாடு மறந்திருக்காது. அந்த ஆண்டு செப்டம்பரில் மக்களவையில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தொழிலாளர் துறை அளித்த பதில் அவைக் குறிப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 1 கோடியே 4 லட்சம் தொழிலாளர்கள் ஊர் திரும்பினர்; வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற விவரம் அரசிடம் இல்லை; விவரம் இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லை. அரசிடமே கணக்கு இல்லாத ஒரு பொருளைப் பற்றிக் கல்லூரி ஒன்றில் ஒரு மணி நேரம் பேசுவதால் நாட்டுக்கு என்ன கேடு வந்துவிடும்?

எதிர்ப்பு பொருளின் மீதல்ல, பெயரின் மீது என்பது வெளிப்படை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்த ஸ்டேன் சுவாமி, இயேசு சபைத் துறவி. வாழ்நாளின் பிற்பகுதியை ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே கழித்தவர். விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தவர். எல்கார் பரிஷத் வழக்கில் 2020 அக்டோபர் 8-ஆம் தேதி தேசியப் புலனாய்வு முகமை ராஞ்சியில் அவரைக் கைது செய்தபோது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் தம்ளரைக் கையில் பிடிக்க இயலாமல், உறிஞ்சுகுழல் வேண்டுமென்று அவர் நீதிமன்றத்தை நாட நேர்ந்ததும், பதிலளிக்க முகமை 20 நாள் அவகாசம் கேட்டதும் அப்போது உலகெங்கும் செய்தியாயின. 2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. மே மாத இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மும்பையிலுள்ள கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றப்பட்டார். ஜூலை 5-ஆம் தேதி அவரது ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மனுதாரர் காலமாகிவிட்டார் என்ற தகவல்தான் நீதிபதிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. வழக்கு விசாரணை அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

பயங்கரவாதக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒருவரின் பெயரால் கல்வி நிறுவனத்தில் விழா எடுப்பது அவரைப் பெருமைப்படுத்துவதாகும் என்பது மாணவர் அமைப்பின் வாதம். இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. அவர் மீது வழக்கு இருந்தது உண்மை. நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் மறுத்ததும் உண்மை. ஆனால் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் மறுப்பு என்பது குற்றத்தீர்ப்பு அல்ல. அரசுத் தரப்புக் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே ஜாமீனுக்கு வழியில்லை என்கிறது அதன் 43டி பிரிவு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற கோட்பாடு, விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டவர் விஷயத்தில் மட்டும் காலாவதியாகிவிடுமா? அவரது கணினியில் இருந்த ஆவணங்கள் வெளியாரால் புகுத்தப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2022 டிசம்பரில் அறிக்கை அளித்தது. அதை நீதிமன்றத்தில் வைத்து வாதாட அவர் உயிரோடு இல்லை.

இந்தப் பெயரைக் கண்டு கூச்சப்பட்ட முதல் இடம் சவேரியார் கல்லூரியும் அல்ல. அவர் இறந்த இரு வாரங்களில், அவருடைய பணியின் மீது பெரும் மதிப்பு உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எஸ். ஷிண்டே விசாரணையின்போது வாய்மொழியாகக் குறிப்பிட்டார். புலனாய்வு முகமையின் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. சில நாள்களில் அந்தச் சொற்கள் திரும்பப் பெறப்பட்டன. உயர் நீதிமன்றத்துக்கே அந்த நிலை என்றால் ஒரு கல்லூரி முதல்வரின் நிலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்துகொள்வது வேறு, ஏற்பது வேறு.

ஏனெனில் இந்தக் கல்லூரியின் வரலாறு அத்தகையது. 1869-ல் இயேசு சபையினர் தொடங்கிய இந்நிறுவனம் பாடப்புத்தகத்தோடு நின்றதில்லை. மாணவர்களே முன்னின்று நடத்தும் 'இந்திய இசைக் குழு' அரை நூற்றாண்டாக இந்துஸ்தானி இசைக்கு அங்கே இடமளித்து வருகிறது. ஜனவரியில் அது நடத்தும் 'ஜன்ஃபெஸ்ட்' கச்சேரிகளுக்கு நகரின் இசைப்பிரியர்கள் காத்திருப்பார்கள். 1979-ல் தொடங்கிய மாணவர் கலைவிழாவுக்கு மழைக்கால ராகமான 'மல்ஹார்' என்று பெயர், அதுவும் ஆகஸ்டில்தான். தபலா மேதை ஜாகிர் உசேன் இக்கல்லூரியின் பழைய மாணவர். கிறிஸ்தவத் துறவிகள் நடத்தும் கல்லூரியில் சரஸ்வதி வந்தனையும் பஜனும் ஒலிப்பதில் எவரும் இதுவரை முரண் கண்டதில்லை. காணவும் வேண்டியதில்லை.

இதைவிடப் பழையது ஹென்றி ஹெராஸின் கதை. ஸ்பெயினிலிருந்து 1922-ல் வந்து சேர்ந்த இந்த இயேசு சபைப் பாதிரியாரிடம், எந்த நாட்டு வரலாறு கற்பிப்பீர் என்று கேட்டார்களாம். இந்திய வரலாறு என்றாராம். அதில் என்ன தெரியும் என்றதற்கு, ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றாராம். 1926-ல் அவர் நிறுவிய ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. விஜயநகரத்தின் ஆரவீடு மரபைப் பற்றியும் பல்லவர்களைப் பற்றியும் எழுதிய ஹெராஸ், சிந்துவெளி முத்திரைகளின் மொழி ஆதி திராவிடம் என்று வாதிட்டுப் பெரும் நூலொன்றை 1953-ல் வெளியிட்டார். முத்திரைகளை அவர் வாசித்த முறையைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. ஐராவதம் மகாதேவனும் ஏற்கவில்லை. திராவிடக் கருதுகோள் மட்டும் அவர்கள் கையில் தொடர்ந்தது. மறுப்புகள் கட்டுரைகளாக வந்தன. ஒரு கருத்தை எதிர்கொள்ள அறிவுலகம் அறிந்த வழி அதுதான். இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே 1955-ல் மறைந்த அவருக்கு 1981-ல் அஞ்சல் தலை வெளியிட்டது இந்திய அரசு.

ஹெராஸ் ஆதரித்த ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா. சாந்திநிகேதனில் பயின்ற கோவாக்காரர். அன்னை மரியாளைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாகத் தீட்டினார். மனம் புண்பட்டவர்கள் அன்று கோவாவின் கிறிஸ்தவர்களே. ஓவியர் ஊரை விட்டுப் புணே சென்று வாழ நேர்ந்தது. அவருடைய படைப்புகளின் பெரும் தொகுப்பு கோவாவிலுள்ள சேவியர் வரலாற்று ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சொந்தச் சமயத்தாரின் சினத்தைப் பொருட்படுத்தாமல் ஒரு கலைஞனுக்குத் துணைநின்ற பாதிரியாரின் நிறுவனம், அடுத்த நூற்றாண்டில் தன் சபையைச் சேர்ந்த ஒரு துறவியின் பெயரால் ஓர் உரையை நடத்தத் துணியவில்லை.

கிறிஸ்தவ நிறுவனங்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பணம் தில்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையில்தான் வந்து சேர வேண்டும் என்றது. அன்னை தெரசாவின் சபைக்கே 2021 டிசம்பரில் பதிவைப் புதுப்பிக்க மறுத்து, அடுத்த மாதம் மீண்டும் வழங்கியது உள்துறை. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு உறுதி செய்கிறது. ஆனால் கோப்பில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிர்வாகிக்கு அந்தப் பிரிவு நினைவுக்கு வருவது கடினம்.

இதை ஒரு கட்சியின் மீது மட்டும் சுமத்துவதும் நியாயமாகாது. 2010-ல் இதே கல்லூரியின் பழைய மாணவரான ரோஹிண்டன் மிஸ்திரியின் புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற நாவலை மும்பை பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சிவசேனை மாணவர் அணியினர் நூலை எரித்தனர். முன்னின்ற ஆதித்ய தாக்கரே அப்போது இதே சவேரியார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. முதல்வர் அசோக் சவாண், நாவலின் மொழி ஆட்சேபத்துக்குரியது என்றுதான் கருத்துத் தெரிவித்தார். அதே கட்சிகள் 2021 ஜூலையில் ஸ்டேன் சுவாமிக்காகக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதியதில் முன்னணியில் நின்றன. கருத்துரிமை எதிரணியில் அமர்ந்திருக்கும்போது மட்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

சென்னை லயோலா கல்லூரியில் 2019 ஜனவரியில் நடந்ததும் தமிழ் வாசகர்கள் அறிந்ததே. வீதி விருது விழாவில் வைக்கப்பட்ட ஓவியங்கள் சர்ச்சையாகி, கல்லூரி வருத்தம் தெரிவித்து அவற்றை அகற்றியது. அந்த ஓவியங்கள் குறித்து இரு தரப்பிலும் சொல்ல நியாயம் இருக்கலாம். குறைந்தபட்சம் அவை சுவரில் இருந்தன, பார்த்த பின்பே சினந்தார்கள். மும்பையில் பேசப்படாத உரைக்கு எதிராகச் சினம் எழுந்தது. அது பேசப்படாமலே போயிற்று.

வித்யார்த்தி பரிஷத்துக்கு எதிர்க்கும் உரிமை உண்டு. வாயிலில் துண்டறிக்கை கொடுக்கலாம், அரங்கில் அமர்ந்து கடினமான கேள்விகள் கேட்கலாம், மறுநாள் மாற்றுக் கூட்டம் நடத்த அதே அரங்கைக் கோரலாம். கோரினால் கல்லூரி கொடுக்கவும் வேண்டும். கூட்டத்துக்குப் பாதுகாப்பு அளிப்பது காவல்துறையின் வேலை. மாணவர்கள் வாக்களிக்கும் வயதினர். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க அவர்களுக்குத் தெரியும்.

ஸ்டேன் சுவாமியின் இறுதி நாள்களில் மருத்துவமனையில் உடனிருந்தவர் இக்கல்லூரியின் முன்னாள் முதல்வரான பாதிரியார் ஃபிரேசர் மஸ்கரேனஸ். இறந்தவரின் பெயர் மீதான கறையை நீக்கக் கோரி உயர் நீதிமன்றத்தை நாடியவரும் அவரே. ரத்தான உரையை அதே தலைப்பில், அதே பேச்சாளரைக் கொண்டு, அதே அரங்கில் நடத்துவதற்குக் கல்லூரி நிர்வாகம் வேறெங்கும் போய் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை.