ஸ்டுடியோவில் சூப்பர், செல்போனில் சொதப்பல்... வீட்டு ஸ்டுடியோவுக்கு பேசிவ் மானிட்டர் சரிப்பட்டு வருமா?

ஸ்டுடியோவில் கேட்டபோது பாட்டு அட்டகாசமாக இருந்தது. பாஸ் நெஞ்சில் அடித்தது, குரல் கணீரென்று கேட்டது. அதையே இயக்குநருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "வார்த்தையே புரியலையேப்பா" என்று பதில் வருகிறது. காரில் போட்டால் பாஸ் மட்டும் தனியாக உறுமுகிறது. மறுபடியும் மிக்ஸிங், மறுபடியும் அனுப்பல், இரண்டு நாள் உழைப்பு வீண். குறும்படம், டப்பிங், பாட்காஸ்ட், தனிப்பாடல் என்று வீட்டில் ஒரு அறையையே ஸ்டுடியோவாக்கி பிழைப்பு நடத்துபவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

பல நேரங்களில் தப்பு காதில் இல்லை. எந்த ஸ்பீக்கரை நம்பி மிக்ஸ் செய்கிறோம், அதை எப்படிப்பட்ட அறையில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. நல்ல மானிட்டர் வாங்கலாம் என்று கிளம்பினால் முதல் கேள்வியே குழப்புகிறது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் 'ஆக்டிவ்' மானிட்டரா? ஆம்ப்ளிஃபயரைத் தனியாக வாங்கி இணைக்கும் 'பேசிவ்' மானிட்டரா? கையில் இருப்பது கொஞ்சம் பணம். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அடுத்த சில வருடங்கள் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

நியர்ஃபீல்டு, பேசிவ்... அப்படின்னா என்ன?

நியர்ஃபீல்டு மானிட்டர் என்பது மேசை மேலோ சின்ன ஸ்டாண்டிலோ, காதிலிருந்து சுமார் 1 மீட்டர் தூரத்தில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர். பக்கத்தில் இருப்பதால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைவிட, ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் சத்தம்தான் காதில் அதிகம் விழும். சின்ன அறைக்கு இது பெரிய உதவி.

பேசிவ் மானிட்டரின் பெட்டிக்குள் வூஃபர், ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் ஆகியவை மட்டும்தான் இருக்கும். கரண்ட் பிளக் கிடையாது. வெளியே ஒரு ஸ்டீரியோ ஆம்ப் வைத்து, ஸ்பீக்கர் வயரில் இணைக்க வேண்டும். ஆக்டிவ் மானிட்டரில் ஆம்பும் உள்ளேயே இருக்கும். பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. இன்று கடையில் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஆக்டிவ் வகையைத்தான்.

வீட்டுக்கு வந்த ஸ்பீக்கர் ஸ்டுடியோவை ஆண்ட கதை

பேசிவ் நியர்ஃபீல்டு என்றதும் முதலில் வரும் பெயர் யமஹா என்எஸ்-10. வெள்ளை கோன் வூஃபர், கறுப்புப் பெட்டி. ஸ்டுடியோ படம் எதையாவது பார்த்திருந்தால், மிக்ஸர் மேல் இது படுத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஜப்பானில் அகிரா நகமுரா வடிவமைத்த இந்த ஸ்பீக்கர் 1978-ல் வந்தது. ஸ்டுடியோவுக்காக அல்ல, வீட்டில் பாட்டு கேட்பவர்களுக்காக. வீட்டில் பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் பாப் கிளியர்மவுன்டன் போன்ற மிக்ஸிங் இன்ஜினியர்கள் கையில் எடுத்ததும் கதையே மாறியது. ட்வீட்டர் சத்தம் கூர்மையாகக் குத்தியதால், அதன் முன்னால் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டு வேலை பார்த்த இன்ஜினியர்கள் உண்டு. 1987-ல் யமஹா ட்வீட்டரை மென்மையாக்கி, ஸ்டுடியோவுக்கென்றே ஒரு பதிப்பை வெளியிட்டது.

கேட்க இனிமையாக இல்லாத ஒரு ஸ்பீக்கரை ஏன் இத்தனை பேர் நம்பினார்கள்? இரண்டு காரணங்கள். ஒன்று, 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் இதன் ஒலி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வார்த்தைத் தெளிவுக்கு முக்கியமான பகுதி அது. போன் ஸ்பீக்கரில் பாஸ் சரியாக வராது, ஆனால் இந்தப் பகுதி நன்றாகவே வரும். அங்கே தப்பு செய்தால் என்எஸ்-10 உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு, இது ஓட்டை இல்லாத மூடிய பெட்டி. டிரம் அடி நின்றதும் ஸ்பீக்கரின் சத்தமும் சட்டென்று நின்றுவிடும், இழுத்துக்கொண்டே இருக்காது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஒலியியல் ஆய்வாளர்கள் பல நியர்ஃபீல்டு ஸ்பீக்கர்களை அளந்து ஒப்பிட்டபோது, பாஸ் சீக்கிரம் அடங்குவதை இதன் முக்கியமான பலமாகக் குறிப்பிட்டார்கள்.

2001-ல் உற்பத்தி நின்றது. வூஃபர் கோனுக்கான காகிதக் கூழ் கிடைக்காததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு, 2008-ல் இந்த ஸ்பீக்கருக்காக யமஹாவுக்கு தொழில்நுட்பப் பிரிவில் கிராமி விருது கிடைத்தது.

இதில் நமக்கு என்ன பாடம்?

மானிட்டர் என்பது பாட்டை அழகாக்கிக் காட்டும் பொருள் அல்ல. தப்பை மறைக்காமல் சொல்ல வேண்டும், தினமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அதன் குணத்தை நம் காது பழகிக்கொண்டால் போதும்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. உற்பத்தி நின்ற பிறகும் பழைய என்எஸ்-10 ஜோடிகள் வருடக்கணக்கில் ஓடின. உள்ளே ஆம்ப் இல்லை. வெளியே ஆம்ப் போனால் வேறு ஆம்ப், வூஃபர் போனால் மாற்று வூஃபர். இதற்குப் பொருந்தும் மாற்று வூஃபரை அவன்டோன் நிறுவனம் தயாரித்தது. பின்னர் அதே பாணியில் சிஎல்ஏ-10 என்ற முழு ஸ்பீக்கரையே கொண்டுவந்தது.

மறுபக்கமும் உண்டு. பிபிசி நிறுவனம் 1970-களில் வெளிப்புற ஒளிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற குட்டி பேசிவ் மானிட்டரை உருவாக்கியது. வேனுக்குள் இடம் குறைவு, பேச்சுக் குரல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். அந்த வேலையை அது பிரமாதமாகச் செய்தது. ஆனால் அதற்கான கேஇஎஃப் வூஃபரும் ட்வீட்டரும் தயாரிப்பில் இல்லாமல் போனபோது, மூல வடிவத்தின் காலமும் முடிந்தது. பேசிவ் என்றாலே காலத்துக்கும் உழைக்கும் என்று அர்த்தமில்லை. உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பேசிவ் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

வோல்டேஜ் ஏறி இறங்கும் இடங்களில் ஆக்டிவ் ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் போர்டு போனால், பெட்டியோடு சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கர் போய்விட்டால் மிக்ஸிங்கும் நிற்கும். பேசிவ் என்றால் நண்பரிடம் ஒரு ஆம்ப் கடன் வாங்கி அன்றைக்கே வேலையை முடித்துவிடலாம். வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்டீரியோ ஆம்ப் இருந்தாலும் பேசிவ் லாபம்தான்.

ஆனால் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியவருக்குக் கணக்கு மாறுகிறது. ஸ்பீக்கர், ஆம்ப், வயர் என்று செலவு மூன்றாகப் பிரியும். ஆக்டிவ் மானிட்டரில் ஆம்பை அந்த ஸ்பீக்கருக்கென்றே அளவெடுத்து வைத்திருப்பார்கள். ட்வீட்டர் கருகாமல் காக்கும் பாதுகாப்பு பலவற்றில் உண்டு. அறைக்கு ஏற்ப பாஸைக் குறைக்கும் சுவிட்ச்கூட இருக்கும். பேசிவ் வாங்கினால் இந்தப் பொறுப்பெல்லாம் உங்கள் தலையில். புதிதாகக் கிடைக்கும் ஸ்டுடியோ பேசிவ் மாடல்களும் குறைவு. ஃபின்லாந்தின் ஆம்ஃபியன், இங்கிலாந்தின் ஏடிசி, மேலே சொன்ன அவன்டோன், ஒற்றை டிரைவர் கொண்ட குட்டிச் சதுரப் பெட்டிக்குப் பெயர்போன ஆராடோன் என்று சில பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

சரி, எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வாட்டை மட்டும் பார்க்கக் கூடாது. ஸ்பீக்கரின் 'சென்சிட்டிவிட்டி' என்ன என்று பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அது. என்எஸ்-10-க்கு 90 டெசிபல். எல்எஸ்3/5ஏ-வுக்கு சுமார் 83.

சின்ன அறையில் 80 டெசிபல் அளவில் மிக்ஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். டிரம் அடி போன்ற உச்சங்கள் அதைவிட 20 டெசிபல் மேலே, அதாவது 100 வரை போகலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அந்த உச்சத்தைத் தொட எவ்வளவு வேண்டும்?

• 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்
• 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு சுமார் 25 வாட்
• 83 டெசிபல் ஸ்பீக்கருக்கு சுமார் 50 வாட்

வெறும் 7 டெசிபல் வித்தியாசம், ஆனால் ஆம்பின் தேவை 5 மடங்கு. எனவே சென்சிட்டிவிட்டி குறைந்த குட்டி ஸ்பீக்கருக்குச் சின்ன ஆம்ப் போதும் என்று நினைப்பது தப்பு. திணறும் ஆம்ப் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். அந்த வெட்டுப்பட்ட ஒலிதான் பல நேரம் ட்வீட்டரைக் கருக்குகிறது. அதற்காக ஸ்பீக்கர் தாங்கும் அளவைவிடப் பல மடங்கு பெரிய ஆம்பையும் மாட்டக் கூடாது. ஸ்பீக்கர் 4 ஓமா 8 ஓமா, ஆம்ப் அந்த ஓமுக்குத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஆம்ப் என்றால் 'லவுட்னஸ்' பட்டனை அணைத்து, பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். மேடைக் கச்சேரிக்கான பவர் ஆம்ப் என்றால் ஃபேன் சத்தத்தை வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். அதே அறையில் குரல் பதிவு செய்தால் மைக்கில் அதுவும் ஏறிவிடும்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. 3 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போதும். போய்வரும் 6 மீட்டரின் மின்தடை 0.1 ஓமைக்கூடத் தொடாது. சிவப்பு, கறுப்பு மட்டும் மாறக் கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மாறினால் பாஸ் காணாமல் போகும், நடுவில் கேட்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

அறை சொல்லும் பொய்

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 10 அடி என்றால், 56 ஹெர்ட்ஸ் பக்கம் பாஸ் அலை அறைக்குள் சிக்கிக்கொள்ளும். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பாஸ் அதிகம், இரண்டு அடி நகர்ந்தால் ஒன்றுமே இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் இதைத் தானாகச் சரிசெய்துவிடாது. பாஸ் ஆழமாக இறங்கும் பெரிய ஸ்பீக்கரை இந்த அறையில் வைத்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

அதனால்தான் சின்ன அறைக்குச் சின்ன பெட்டி. மூடிய பெட்டியில் பாஸ் மெதுவாகக் குறையும், ஓட்டை வைத்த பெட்டியில் ஒரு கட்டத்துக்குக் கீழே மடமடவென்று விழும். ஓட்டை பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து தள்ளி வைக்கவும் இடம் வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். சின்ன ஸ்பீக்கர் காட்டாத அடிப் பாஸை நல்ல ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சத்தத்தையும் அளவோடு வையுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. இந்தத் தொழிலில் ஸ்பீக்கர் போனால் மாற்றலாம், காது போனால் மாற்ற முடியாது.

பழசு வாங்கும்போது உஷார்

பழைய என்எஸ்-10 விற்பனைக்கு வந்தால் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசியாகத் தயாரானதற்கே 20 வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு வூஃபரும் ஒரே வகையா, ஒன்று மட்டும் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மல்டிமீட்டர் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது பெரும்பாலும் 8-க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். வேறு மாடல்களில் வூஃபரைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் செலவு காத்திருக்கிறது. முக்கியமாக, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை இடது, வலது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

அப்போ எதை வாங்கலாம்?

கையில் ஆம்ப் இல்லை, முதல் ஸ்டுடியோ, பட்ஜெட் கம்மி என்றால் நல்ல ஆக்டிவ் ஜோடியே புத்திசாலித்தனம். மிச்சமாகும் பணத்தை அறைச் சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் போடுங்கள். நல்ல ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது, ஓம், வாட் கணக்கு பார்க்கத் தெரியும், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய வேண்டும் என்று நினைப்பவருக்கு பேசிவ் பொருந்தும். அப்போதும் உதிரி பாகம் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் முதல் மாதம் புதிய வேலை எதையும் அதில் முடித்து அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டுகளை அதில் போட்டுப் போட்டு, அது எப்படிப் பேசுகிறது என்று காதைப் பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அந்த "வார்த்தையே புரியலையேப்பா" குறைய ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.