உச்சவரம்பு கூலிக்கு மட்டும்!

நில உச்சவரம்பு என்றால் நமக்குத் தெரியும். அதற்காகக் கொடி பிடித்தவர்கள் நாம். கூலிக்கே உச்சவரம்பு கட்டிய தொழில் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. முதலாளிகள் கூடிப் பேசிக் கேட்ட வரம்பு அது. தொழிலாளர் சங்கமும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்தத் தொழில் கால்பந்து.

நம் ஊர்க் கால்பந்து என்று எண்ண வேண்டாம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டியவர்கள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளி ஆடுகிற ஆட்டம். தேசியக் கால்பந்து லீக் என்ற அமைப்பில் 32 அணிகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு வருஷத்தில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் சம்பளக் கணக்கு எழுதக்கூடாது என்று லீக் ஒரு தொகையை அறிவிக்கும். இந்த ஏற்பாடு தொடங்கிய 1994-ல் அந்தத் தொகை 3 கோடியே 46 லட்சம் டாலர். 2024-ல் 25 கோடியே 54 லட்சம். 2025-ல் 27 கோடியே 92 லட்சம்.

கோடி கோடியாக வாங்குகிறவனுக்காக மில் தொழிலாளி ஏன் மாரடிக்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். மாரடிக்க வேண்டாம். ஆனால் "இடமில்லை, கட்டுப்படியாகாது" என்று முதலாளி சொல்கிறானே, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் கணக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பள்ளிக்கூடக் கணக்கே இதற்குப் போதும். கூட்டல், கழித்தல், வகுத்தல்.

ஓர் அணிக்கு வரம்பில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்ப்பது? முதலில் அந்த வருஷத்து வரம்பு. அதோடு போன வருஷம் செலவழிக்காமல் விட்ட மிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இது வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரன் பேரிலும் அந்த வருஷம் ஏறும் தொகை. ஆட்டப்பருவம் இல்லாத மாதங்களில் 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய தொகைக்காரர்கள் 51 பேர் மட்டுமே முழுதாகக் கணக்கில் வருவார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்த போனஸின் பங்கு மட்டும் சேரும். செப்டம்பரில் ஆட்டம் தொடங்கிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. காயம்பட்டுப் படுத்திருப்பவன் உட்பட எல்லோரும் கணக்கில் வந்தாக வேண்டும். கடைசியாக, வெளியே அனுப்பப்பட்டவர்கள் பேரில் இன்னும் நிற்கும் பழைய பாக்கி.

உதாரணத்துக்கு ஓர் அணியை வைத்துக்கொள்வோம். 2024-ன் வரம்பு 25 கோடியே 54 லட்சம். போன வருஷ மிச்சம் 60 லட்சம். ஆக 26 கோடியே 14 லட்சம். 51 பேர் கணக்கு 22 கோடியே 90 லட்சம், மற்றவர்களின் போனஸ் பங்கு 4 லட்சம், பழைய பாக்கி 1 கோடியே 80 லட்சம். கூட்டினால் 24 கோடியே 74 லட்சம். கழித்தால் 1 கோடியே 40 லட்சம் டாலர் மிச்சம். புது ஆளைச் சேர்க்க அவ்வளவுதான் இடம் என்று பத்திரிகைகள் எழுதும், ரசிகர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை.

செத்த பணம்

ஓர் ஆட்டக்காரனுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போடும்போது 2 கோடி டாலர் போனஸ். முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவன் கைக்கு அந்த வருஷம் போவது 2 கோடியே 20 லட்சம். வரம்புக் கணக்கில் எழுதுவதோ 60 லட்சம்தான்! எப்படி? கையெழுத்துப் போனஸை ஒப்பந்த வருஷங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். அதிகபட்சம் ஐந்து வருஷம். ஆகவே வருஷத்துக்கு 40 லட்சம் போனஸ் பங்கு, அடிப்படைச் சம்பளம் 20 லட்சம்.

மூன்றாம் வருஷம் அவன் அடிப்படைச் சம்பளம் 1 கோடியே 20 லட்சம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. போனஸ் பங்கோடு சேர்த்து 1 கோடியே 60 லட்சம் அவன் பேரில் ஏறவேண்டும். அணிக்கு அது பாரமாகப் படுகிறது. நீக்கிவிடுகிறார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்ன ஆயிற்று? ஒப்பந்தம் ஆட்டக்காரனைத்தான் ஐந்து வருஷம் கட்டிப்போடும். உத்தரவாதம் என்று தனியாக எழுதப்படாத சம்பளத்தை, ஆளை நீக்கியபின் அணி கொடுக்கவேண்டியதில்லை. இந்த ஆட்டக்காரனின் சராசரி ஆட்டவாழ்வு மூன்றேகால் வருஷத்துக்குச் சற்று மேல் என்று அவர்கள் சங்கம் சொல்கிறது. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று கொட்டை எழுத்தில் வரும் செய்தியை அந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நீக்கியதும், எழுதாமல் நின்ற மூன்று வருஷப் போனஸ் பங்கு, அதாவது 1 கோடியே 20 லட்சம், மொத்தமாக அந்த வருஷக் கணக்கில் வந்து விழும். ஆள் இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது. இதற்கு அங்கே பெயரே "செத்த பணம்". வரம்பில் கிடைத்த இடம் 40 லட்சம்தான். ஆனால் முதலாளியின் பெட்டியில் மிஞ்சியது 1 கோடியே 20 லட்சம் ரொக்கம். "செத்த பணத்தால் செத்தோம்" என்று அணி நிர்வாகம் புலம்பும்போது இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பணம் என்றோ கொடுத்து முடித்த பணம். இன்று செலவாவது மை மட்டுமே.

அவனை நீக்க மனமில்லையா? அதற்கும் வழி உண்டு. 1 கோடியே 20 லட்சம் சம்பளத்தில் 15 லட்சத்தைச் சம்பளமாக விட்டுவிட்டு, மீதி 1 கோடியே 5 லட்சத்தைப் "போனஸ்" என்று பெயர் மாற்றுகிறார்கள். பாக்கியுள்ள மூன்று வருஷத்துக்கு அதைப் பிரித்தால் வருஷத்துக்கு 35 லட்சம். இந்த வருஷக் கணக்கு 15, 35, பழைய பங்கு 40. மொத்தம் 90 லட்சம். ஒரு பேனாக் கீறலில் 70 லட்சம் டாலர் இடம் பிறந்துவிட்டது! ஆட்டக்காரனுக்கு ஒரு காசு குறையவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தின் தலையில் 35 லட்சம் வீதம் ஏறியிருக்கிறது, அவ்வளவே. இதுவும் போதாதென்றால் ஒப்பந்தத்தின் வாலில், யாரும் ஆடப்போகாத வெற்று வருஷங்கள் இரண்டை ஒட்டி, ஐந்தாகப் பிரிப்பார்கள். அப்போது வருஷத்துக்கு 21 லட்சம். கிடைக்கும் இடம் 84 லட்சம்.

அதாவது "இடமில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் "இந்த ஆளுக்காகப் பேனாவை எடுக்க மனமில்லை" என்பதன் மரியாதையான வடிவம். டென்வர் அணியைப் பாருங்கள். வால்மார்ட் கடைக் குடும்பத்தார் தலைமையிலான கூட்டம் அதை 2022-ல் 465 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் ரஸல் வில்சன் என்ற ஆட்டக்காரரை நீக்கியபோது சுமார் 8½ கோடி டாலர் செத்த பணமாக இரண்டு வருஷக் கணக்கில் விழுந்தது. அணி மூழ்கியதா? அந்த 2024 பருவத்திலேயே இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

பெட்டியில் எவ்வளவு?

மிச்சம் எவ்வளவு என்று ஊரே கணக்குப் போடுகிறது. வருமானம் எவ்வளவு என்று யாராவது போடுகிறார்களா? போட முடியாது, ஏனெனில் அணிகள் ஐந்தொகையை வெளியிடுவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, கிரீன் பே நகரத்து அணி. அதற்குத் தனி முதலாளி இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். பங்குக்கு லாபஈவும் கிடையாது. ஆகவே வருஷா வருஷம் கணக்கை வெளியே வைக்கிறது. 2024 மார்ச்சில் முடிந்த வருஷத்தில், தொலைக்காட்சி முதலான லீக் பொது வருமானத்தில் அந்த அணிக்குக் கிடைத்த பங்கு 40 கோடியே 23 லட்சம் டாலர். இந்தப் பங்கு 32 அணிக்கும் சமம். அந்தப் பருவத்துச் சம்பள வரம்போ 22 கோடியே 48 லட்சம். பென்ஷன், வைத்தியம் போன்றவற்றுக்கு வேறு தொகை உண்டு. 2024-ல் அது அணிக்கு 7 கோடியே 40 லட்சம். அதையும் சேர்த்துக்கொண்டாலும், ஒரு டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே சம்பளம் முழுவதும் வந்து சேர்ந்து, மேலே பல கோடி நிற்கிறது.

அணியை விற்கிற விலைக்கு உச்சவரம்பு உண்டா? வாஷிங்டன் அணி 1999-ல் சுமார் 80 கோடிக்குக் கைமாறியது. 2023-ல் 605 கோடிக்கு. அந்த விலையில் ஆட்டக்காரனுக்குச் செப்புக்காசு பங்கில்லை.

சங்கம் ஏன் ஒப்புக்கொண்டது?

1982-ல் ஆட்டக்காரர் சங்கம் மொத்த வருமானத்தில் 55 சதவீதம் கேட்டு 57 நாள் வேலைநிறுத்தம் செய்தது. கேட்ட சதவீதம் கிடைக்கவில்லை. 1987-ல் மறுபடி இறங்கினார்கள். முதலாளிகள் கருங்காலி ஆட்டக்காரர்களைத் திரட்டி மூன்று வாரம் ஆட்டத்தை நடத்தினார்கள்; சங்கத்து ஆட்களிலும் சிலர் கோடு தாண்டி உள்ளே போனார்கள். 24-வது நாள் ஒப்பந்தமில்லாமலே வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. பிறகு கோர்ட்டில் போராட்டம். ஆட்டக்காரனை அணி மாறவிடாமல் தடுக்கும் விதி, ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று 1992-ல் மின்னியாபோலிஸில் ஜூரி தீர்ப்பளித்தது. முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். 1993 உடன்படிக்கையில் அணி மாறும் உரிமை ஆட்டக்காரனுக்கு. அதற்கு விலையாக உச்சவரம்பு முதலாளிக்கு. அப்போது சங்கத்தை நடத்தியவர் ஜீன் அப்ஷா. அவரும் முன்னாள் ஆட்டக்காரரே.

வரம்பை ஒப்புக்கொண்டது சரிதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் அபிப்பிராயத்தில், வரம்பு ஒரு விலங்கு. ஆனால் அந்த விலங்கை வருமானத்தோடு கட்டியதுதான் சங்கம் சம்பாதித்த பெரிய விஷயம். வருமானம் ஏறினால் வரம்பு ஏறியே தீரவேண்டும். 3½ கோடி 28 கோடியை நெருங்கியது முதலாளியின் தாராளத்தால் அல்ல. கீழ்வரம்பும் இருக்கிறது: சில வருஷங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் அணி வரம்பில் 90 சதவீதமாவது ரொக்கமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

உச்சவரம்பு அணிகளுக்கிடையே சமத்துவத்துக்காக என்று முதலாளிகள் சொல்வார்கள். 2010-ல் என்ன நடந்தது? உடன்படிக்கையின் கடைசி வருஷமாகையால் அந்த ஒரு வருஷம் வரம்பே இல்லை. வாஷிங்டன், டல்லாஸ் அணிகள் பெரிய சம்பளக் கணக்குகளை அந்த வருஷத்திலேயே எழுதி முடித்தன. ஒப்பந்தங்களை லீக்கும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2012-ல் வாஷிங்டனுக்கு 3 கோடியே 60 லட்சமும் டல்லாஸுக்கு 1 கோடியும் வரம்பிலிருந்து வெட்டி, மற்ற 28 அணிகளுக்குத் தலைக்கு 16 லட்சம் வீதம் பங்கிட்டார்கள். இல்லாத வரம்பை மீறிய குற்றம்! முதலாளிகளுக்குள் எழுதாத கட்டுப்பாடு ஒன்று இருந்ததென்பதற்கு வேறு சாட்சி எதற்கு? வருத்தமான செய்தி, சங்கத் தலைமையும் அந்த அபராதத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்குப் போட்டது.

வருமானத்தில் பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு. கொரோனாவால் மைதானங்கள் காலியாகக் கிடந்ததும், 2020-ல் 19 கோடியே 82 லட்சமாக இருந்த வரம்பு 2021-ல் 18 கோடியே 25 லட்சத்துக்கு இறங்கியது. இடம் பண்ணுவதற்காக அனுபவசாலிகள் பலரை வெளியே தள்ளினார்கள்.

சதவீதத்தின் கதையும் சுகமாக இல்லை. 2011-ல் 136 நாள் கதவடைப்பு நடத்தியபின் முதலாளிகள் ஒப்புக்கொண்ட விகிதம் மொத்த வருமானத்தில் குறைந்தது 47 சதவீதம். 2020-ல் அதை 48 ஆக உயர்த்தினார்கள். பதிலுக்கு வருஷத்துக்கு 16 ஆட்டம் என்பதை 17 ஆக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். எலும்பு முறியும் தொழிலில் இன்னொரு நாள் வேலை. சங்கத்தில் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அறுபது ஓட்டு வித்தியாசத்தில் 17-வது ஆட்டம் வந்தது, 2021-லிருந்து ஆடுகிறார்கள். அந்த உடன்படிக்கை 2030 பருவம் வரை. 18-வது ஆட்டம் வேண்டுமென்ற பேச்சை முதலாளிகள் அதற்குள்ளாகவே எடுத்துவிட்டார்கள். அதற்கு எத்தனை சதவீதம் என்று இதுவரை அவர்கள் வாயைத் திறக்கவில்லை.