விடிய விடியப் பாடுகிறவர்களும் உழைப்பாளிகளே!

“கூத்தாடி” என்பது நம் நாட்டில் ஒரு வசவு. ஊர்ப் பெரியதனக்காரர் ஏசினால் அது அவர் வாய்க்கொழுப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் பகலெல்லாம் வயலில் குனிந்து நாற்று நட்டவனும், எட்டு மணி நேரம் ஆலையில் கால் கடுக்க நின்று இழை முடிந்தவனும் அதே வசவை வாயில் வைத்திருப்பது ஏன்? இரவு முழுவதும் யாருடைய பாட்டைக் கண் கொட்டாமல் கேட்டானோ, மறுநாள் டீக்கடையில் அவனையே “கூத்தாடிப் பயல்” என்கிறான். அவனுக்குச் சோறு போட்ட பெண்ணை “நாடகக்காரி” என்று இளக்காரமாகப் பார்க்கிறான். இது என்ன நியாயம்?

நாம் பேசுவது இசை நாடகத்தைப் பற்றி. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி – பெயரைச் சொன்னாலே கிராமத்துக் கிழவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிச் செப்பம் செய்த நாடகங்கள் இவை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் இன்றும் இவை நடக்கின்றன.

இந்த நாடகத்தின் மீது மூன்று குற்றச்சாட்டுகள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குற்றச்சாட்டு: “இது செத்துப்போன கலை.”

யார் இப்படிச் சொல்லுகிறார்கள்? மார்கழி மாதத்தில் சபா நாற்காலியில் சாய்ந்து, கச்சேரி பாதியில் கேண்டீன் பக்கம் எழுந்து போகும் கனவான்கள் சொல்லுகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் ஒரு நாடகத்தை அவர்கள் வந்து பார்த்ததுண்டா? இரவு பத்து மணிக்கு ஜனங்கள் கோணியும் பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் மேடைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிடும். ஆர்மோனியக்காரர் பாட்டெடுப்பார். மிருதங்கம் சேரும். பபூன் வந்து ஊரைச் சிரிக்க வைப்பான். அதன்பிறகுதான் கதை தொடங்கும். நள்ளிரவு தாண்டி, பனி இறங்கும் நேரத்தில், வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும். அவர் ஒரு கேள்வியைப் பாட்டில் போட, அவள் பாட்டிலேயே திருப்பி அடிப்பாள். தூங்கியவன் எழுந்து உட்காருவான். “அப்படிக் கேளு தாயி!” என்று ஒரு கிழவி கூவுவாள். கிழக்கு வெளுக்கும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம். பாய் சுருட்டும் ஜனங்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே வேலைக்குப் போவதும் உண்டு.

இதிலே ஒரு சங்கதியைக் கவனியுங்கள், தோழர்களே. ஸ்பெஷல் நாடகம் என்ற இந்த முறையில் நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்ல. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள். முன்கூட்டி ஒத்திகை கிடையாது. அன்று இரவு அந்த மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். ஆனாலும் ஏழெட்டு மணி நேரம் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார். சுருதி தப்பாது, தாளம் தப்பாது, கேள்விக்குப் பதில் தப்பாது. இது சரஸ்வதி கடாட்சம் அல்ல. வாத்தியாரிடம் அடி வாங்கிப் பாடம் பண்ணி, நூற்றுக்கணக்கான இரவுகள் கண் விழித்துச் சம்பாதித்த தொழில் திறமை. இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடும் ஆலைத் தொழிலாளியின் விரலில் இருக்கிறதே, அதே ஜாதித் திறமை. இதைச் செத்த கலை என்பவர்கள் உயிருள்ளதை எங்கே பார்த்தார்கள் என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது அதனிடம் சொந்தக் கதை ஏது, சொந்தப் பாட்டு ஏது? மேடையில் ஓடிய பவளக்கொடியை 1934இல் எடுத்துப் படமாக்கினார்கள். மேடையில் பாடிய தியாகராஜ பாகவதரையும் அதோடு கொண்டுபோனார்கள். மேடையில் பாடி வளர்ந்த கே.பி.சுந்தராம்பாளுக்கு 1935இல் வந்த பக்த நந்தனாருக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஒரு லட்சம் ஒருவருக்கு. வெறும் மேடை மற்றவர்களுக்கு! எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சின்னஞ்சிறு வயதில் பாலர் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து தொழில் கற்றவர்களே. மேடை என்ற கிணற்றிலிருந்து இறைத்துத்தான் சினிமாத் தோட்டம் பச்சை பிடித்தது. இறைத்துவிட்டு “கிணறு வறண்டது” என்று இன்று கேலி செய்கிறார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு: “இது ஆபாசம்.”

பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் பேசும் பேச்சில் சில இரவுகளில் கொச்சை கலப்பது உண்மை. அதை நாம் மெச்சவில்லை. ஆனால் கொச்சையைக் கேட்பது யார்? மேடைக்கு முன்னால் குடித்துவிட்டு நின்று, ரூபாய் நோட்டைக் காட்டி “இன்னும் பாடு, இன்னும் ஆடு” என்று அதிகாரம் செய்கிறவன் யார்? அந்த நோட்டை ஊசியில் கோத்துப் பெண்ணின் உடுப்பில் தானே குத்துவேன் என்று மேடை ஏறுகிறவன் யார்? அவனை விட்டுவிட்டு, கூலிக்கு ஆடும் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எந்த ஊர் தர்மம்? இதே இடுப்பசைவை, இதே இரட்டை அர்த்தத்தைக் கோடி ரூபாய் போட்டு வெள்ளித்திரையில் காட்டினால் அது வெற்றிப் படம். பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து டியூப் லைட் காலம் வரைக்கும் வயல்வெளியில் நின்று ஆடினால் அது மட்டும் ஆபாசமா? பணமுள்ள ஆபாசத்துக்கு ஒரு சட்டம், பஞ்சைகளுக்கு வேறு சட்டமா?

மூன்றாவது குற்றச்சாட்டு நம்மவர்களிடமிருந்தே வருகிறது: “இது பழைய புராணக் குப்பை, உழைப்பாளிக்கு இதிலே என்ன இருக்கிறது?”

இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்லவேண்டும். இந்த நாடகங்களில் உள்ள எல்லாவற்றையும் நாம் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கணவனே கண்கண்ட தெய்வம் என்று பெண்ணை அழவைக்கும் கதைகள் இதிலே உண்டு. விதி, கர்மம் என்று பசித்தவனுக்கு உபதேசம் செய்யும் வரிகளும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் கதை என்பது பானை. அதிலே என்ன சமைத்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும்.

வள்ளி யார்? தினைப்புனம் காவல் காக்கும் குறவர் வீட்டுப் பெண். பரண் மீது நின்று பறவை விரட்டுகிறவள். எதிரே வந்து நிற்பது கடவுளே ஆனாலும் கேள்வி கேட்காமல் அவள் ஒப்புவதில்லை. வயற்காட்டுப் பெண் ஒருத்தி இரவு முழுவதும் வாதாடுவதை வயற்காட்டுப் பெண்கள் உட்கார்ந்து கேட்கிறார்களே, அது லேசான காரியமா? பண்ணையார் முன்னால் வாய் திறக்க முடியாதவள், அந்த ஒரு ராத்திரி வள்ளியின் வாயால் பேசுகிறாள்.

இதே வள்ளி திருமணத்தைத்தான் விசுவநாததாஸ் வெள்ளையனுக்கு எதிரான ஆயுதமாக்கினார். 1886இல் சிவகாசியில், முடிதிருத்தும் தொழிலாளர் சமூகத்தில் பிறந்தவர் அவர். முருகன் வேடத்தில் மேடை ஏறுவார். நடுவிலே தேசியப் பாட்டு வெடிக்கும். வெள்ளையனைக் கொக்காக்கிக் கேலி செய்யும் பாட்டு அவர் தொண்டையில் ஏறி ஊர் ஊராகப் பரவியது. போலீஸ் மேடையருகே காத்து நிற்கும். வேடத்தோடு கைது, சிறை, விடுதலை, மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. சாதி பார்த்து அவரோடு மேடை ஏற மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. முருகன் வேடத்துக்குக் கும்பிடு, வேடம் போட்டவனுக்குத் தீட்டு! கடைசியில் கடனாளியாகவே, 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமண நாடகத்தில், மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்த தொழிலாளியின் சாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த விசுவநாததாசோடு ஜோடியாக நடித்த பெண்களில் ஒருவர் கே.பி.ஜானகி அம்மாள். 1917இல் பிறந்தவர், வறுமையால் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர், கூட இருந்த ஆர்மோனியக் கலைஞரை மணந்தவர். பாடிச் சம்பாதித்த சொத்தை விற்றுப் போராட்டத்துக்குக் கொடுத்தார், சிறை சென்றார், மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளிக்காகவும் விவசாயிக்காகவும் தெருவில் இறங்கினார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதி ஜனங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். “நாடகக்காரி” என்று உதடு பிதுக்குகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நாடகம் வெறும் குப்பை என்றால் சர்க்கார்கள் அதைக் கண்டு நடுங்கியது ஏன்? 1876இல் வெள்ளைக்கார சர்க்கார் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரம் வந்த பிறகும் அது ஒழியவில்லை. எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் ஊரைக் கலக்கிய 1954இல் சென்னை ராஜ்ய சர்க்கார் தானும் ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை ஐகோர்ட் தீர்ப்பளித்தது 2013இல். வெள்ளைக்காரன் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டதோ 2018இல்! ஒரு மேடை, ஒரு ஆர்மோனியம், ஒரு தொண்டை – இதை அடக்க இத்தனை ஆண்டு சட்டம் வேண்டியிருந்ததென்றால், எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குத்தான் அவர்கள் பயந்தார்கள் என்பது விளங்கவில்லையா?

இனி கூலி விஷயத்துக்கு வருவோம். நாம் இவ்வளவும் சொன்னது இதற்காகத்தான்.

நாடகக் கலைஞருக்கு வேலை கிடைப்பது திருவிழாக் காலத்தில். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் ஓயும். மற்ற மாதங்களில் அடுப்பு எரிவதே பாடு. ஆலையில் பதிலித் தொழிலாளியாக வாசலில் காத்துக் கிடந்தவனுக்கு இந்த வாழ்க்கை தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே வேலையில்லாமல் கிடக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற பிராவிடண்ட் பண்டும், ஈ.எஸ்.ஐ.யும், போனசும் பாடுகிறவனுக்கு இல்லை. தொண்டை கட்டினால் அன்றைக்குக் கூலி போச்சு. வயது ஏறினால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிடுவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டினார்களே, அது எந்தக் காலம்? பங்குனி! திருவிழா நின்றது, நாடகம் நின்றது, ஒரு வருஷத்துச் சோறு ஒரே உத்தரவில் போயிற்று. 2021இலும் சித்திரை, வைகாசியில் அதே கதை.

இந்தக் கலைஞனுக்குக் கூலி கொடுப்பது யார்? மில் முதலாளியா, மிட்டாதாரா? இல்லை. தலைக்கட்டு வரி போட்டுத்தான் பெரும்பாலான ஊர்களில் நாடகம் வைக்கிறார்கள். அந்த வரியில் உன் பணம் இருக்கிறது, தோழனே. அதாவது வருஷத்துக்கு ஒரு ராத்திரி நீ கூலி கொடுக்கும் இடத்தில் நிற்கிறாய். அந்த ராத்திரி நீ எப்படி நடந்துகொள்கிறாய்? “ராஜபார்ட் குரல் எடுபடவில்லை, நூறைக் குறை” என்று விடியற்காலையில் பேரம் பேசும்போது, அளவு குறைந்தது என்று உன் கூலியைப் பிடித்த பண்ணையார் உன் வாயில் புகுந்து பேசவில்லையா? பெண்கள் உடை மாற்ற ஒரு கிழிந்த தட்டியைக் காட்டிவிட்டு நகரும்போது, ஆலையில் பெண்களுக்கு மறைவிடம் கேட்டு நாம் போட்ட கோஷம் எங்கே போயிற்று? இன்னார் இந்தச் சாதி என்று விசாரித்துவிட்டு இலை போடும்போது, டீக்கடையில் தனிக் குவளையை எதிர்த்தவர்கள் நாம்தானா?

ஆகவே விழாக் கமிட்டியில் உட்காரும் தொழிலாளிகளும், வரி கொடுக்கும் விவசாயிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பேசிய கூலி, பேசியபடி, திரை விழுந்தவுடன் கையில் சேரவேண்டும். பெண் கலைஞர்களுக்குக் கதவுள்ள அறையும் கழிப்பிடமும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே பந்தியில் சோறு வேண்டும். நோட்டோடு மேடை ஏறுகிறவனை ஊரே இறக்கிவிட வேண்டும். அன்பளிப்புக் கொடுக்கிறவன் கமிட்டியின் கையில் கொடுக்கட்டும். வேலையில்லாத மாதங்களுக்கு உதவித்தொகையும், முதுமைக்கு ஓய்வூதியமும் கேட்டு நடிகர் சங்கங்கள் குரல் கொடுக்கும்போது, ஆலைச் சங்கமும் விவசாயிகள் சங்கமும் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அவர்கள் நமக்காகப் பாடும் இரவுகள் ஆயிரம். அவர்களுக்காக நாம் ஒரு பகல் குரல் கொடுத்தால் குறைந்துபோவோமா? அடுத்த திருவிழாவுக்குக் கமிட்டி கூடப்போகிறது. பேச வேண்டியதை அங்கே பேசுங்கள்!