பயிற்சியாளரும் கழகங்களும்: பழி யாருக்கு?

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19ஆந் திகதி, சீன தேசத்து ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டப் போட்டியில் இந்திய அணி 5-1 என்ற கணக்கிற் சீன அணியிடம் தோல்வியுற்றது. இடைவேளை வரை ஆளுக்கொரு கோலுடன் சமநிலையில் நின்ற ஆட்டம் அது. பிற்பாதியில் இந்தியர் நான்கு கோல்களை அடுத்தடுத்து வாங்கினர். காரணம் மறைவானதன்று. அவ்வணியினர் ஹாங்சோவை அடைந்ததே முதல் நாளில்தான். ஒன்றுகூடிப் பயிற்சி செய்வதற்கு அவர்களுக்கு அவகாசமிருக்கவில்லை. முதலில் அறிவிக்கப்பட்ட ஆட்டக்காரருள் பலரை அவர்களுடைய கழகங்கள் அனுப்ப மறுத்துவிட்டன. கழகங்கள் ஆடும் இந்தியன் சூப்பர் லீக் என்னும் சுற்றுப்போட்டி அதே மாதம் 21ஆந் திகதி ஆரம்பமாகவிருந்தமையே அவை கூறிய காரணம்.

இச்செய்தியை அறிந்தோர் இரு பிரிவினராயினர். நாட்டின் மானத்தை விடப் பணமே பெரிதெனக் கழகங்கள் கருதுகின்றன என்று ஒரு சாரார் முழங்கினர். அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் தமது தோல்விகளுக்கெல்லாம் பிறரைக் காரணங் காட்டும் வாய்ச்சொல் வீரரென்று மறுசாரார் இகழ்ந்தனர். 2019ஆம் ஆண்டு மே மாதத்திற் பதவியேற்ற இந்தக் குரோவேசியர் நாவடக்கமுள்ளவர் என்று அவருடைய நண்பர்களும் சொல்லமாட்டார்கள். ஆயினும் ஒரு வழக்கைத் தீர்க்கப் புகுவோர், வாதிகளின் குணத்தை ஆராயுமுன் வழக்கிற்குரிய ஆவணங்களை ஆராய்தல் வேண்டும்.

சர்வதேசச் சம்மேளனமாகிய பீபாவின் விதிகள் இவ்விடயத்தில் தெளிவானவை. ஆண்டுதோறும் குறிக்கப்படும் சர்வதேச ஆட்ட நாட்களிலும், உலகக் கிண்ணம், கண்டக் கிண்ணம் ஆகியவற்றின் இறுதிச் சுற்றுகளின்போதும் ஆட்டக்காரரை நாட்டின் அணிக்கு விடுவது கழகத்தின் கடமை. அந்நாட்களுக்குப் புறத்தே அக்கடமை இல்லை. ஆசிய விளையாட்டு விழா இவ்விதிக்குள் வருவதன்று. ஆகவே, ஆட்டக்காரரை அனுப்ப மறுத்த கழகங்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தை மீறாதவரைத் தேசத் துரோகி என்று ஏசுவது மேடைக்கு அழகாயிருக்கலாம். நியாயத் தலத்தில் அது செல்லாது.

அங்ஙனமாயின் குற்றம் பயிற்சியாளருடையதா? அதுவுமன்று. ஒத்திவைக்கப்பட்ட ஆசிய விழா 2023 செப்டெம்பரில் நடக்குமென்பது 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. பதினான்கு மாத அவகாசம்! அப்படியிருந்தும், விழாவின் முதல் ஆட்டத்திற்கு இரண்டாம் நாளில் லீக்கின் முதல் ஆட்டத்தை வைத்தவர் யார்? வேடிக்கை இதனோடு முடியவில்லை. ஆசியாவின் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லாத அணியை அனுப்ப இயலாதென்று இந்திய விளையாட்டு அமைச்சு முதலில் மறுத்தது. ஸ்டிமாக் பிரதம மந்திரிக்கே பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். ஜூலை மாத இறுதியில் விதிவிலக்குக் கிடைத்தது. அரசாங்கத்தின் கதவைத் தட்டி அனுமதி பெறத் தெரிந்தவர்களுக்குத் தம்முடைய கழகங்களின் கதவை வேளையோடு தட்டத் தெரியாமற் போனது எவ்வாறு?

இக்கேள்விக்கு விடை காண 2010ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஓர் ஒப்பந்தஞ் செய்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு எழுநூறு கோடி ரூபா. அதற்கு ஈடாக, ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை, விளம்பர உரிமை, புதியதொரு லீக்கை அமைத்து நடத்தும் உரிமை ஆகியன ரிலையன்ஸ் பங்குகொண்ட நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. நன்மைகள் விளையவில்லையென்று நாம் சொல்லோம். மைதானங்கள் திருந்தின, ஆட்டக்காரரின் ஊதியம் உயர்ந்தது, கிரிக்கெட்டையன்றி வேறெதையுங் காணாத தொலைக்காட்சியில் உதைபந்தாட்டத்திற்கும் ஓரிடங் கிடைத்தது. ஆனால் லீக்கை நடத்துவோரிடமிருந்து ஆண்டுதோறும் பணம் பெற்றுவந்த சம்மேளனம், அந்த லீக்கின் நாட்காட்டியைத் திருத்துமாறு எந்த வாயாற் கேட்டிருக்கும்?

எமது கமக்காரருக்கு இது எளிதில் விளங்கும். விளைச்சலுக்குப் பொறுப்பு ஒருவனிடமும் குளத்துத் துருசின் திறப்பு இன்னொருவனிடமும் இருந்தால், பயிர் வாடும்போது வயலில் நிற்பவனே திட்டு வாங்குவான். திறப்பை விற்றவன் வரம்பிலிருந்து வேடிக்கை பார்ப்பான்.

அவகாசங் கிடைத்த வேளையில் ஸ்டிமாக் என்ன செய்தார் என்பதையும் பார்த்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டுக் கோடையில் லீக் ஓய்ந்திருந்தது. ஆட்டக்காரர் வாரக்கணக்கில் அவருடன் இருந்தனர். யூன் மாதம் புவனேஸ்வரத்தில் லெபனானை வென்று கண்டங்களிடைக் கிண்ணம். ஜூலையிற் பெங்களூரில் குவைத்தை வென்று தென்னாசியக் கிண்ணம். உலகத் தரவரிசையில் இந்தியா 99ஆம் இடத்தை எட்டியது. அடுத்த ஜனவரியிற் கத்தாரில் ஆசியக் கிண்ணம். நீண்ட பயிற்சி முகாம் வேண்டுமென்று அவர் மன்றாடினார். லீக் ஆட்டங்கள் டிசெம்பர் மாத முடிவு வரை நீண்டன. எஞ்சியது இரண்டு வாரம். அவுஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று நாடுகளிடமும் இந்தியா தோற்றது. ஒரு கோல்தானும் போடவில்லை.

எனினும் அவருடைய எல்லாத் தோல்விகளையும் கழகங்களின் தலையிற் கட்டுவது முறையன்று. 2024 மார்ச் மாதத்தில் குவகாத்தியிற் சொந்த மக்கள் முன்னிலையில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றதற்கு எந்தக் கழகமுங் காரணமன்று. (2021இல் மாலைதீவில் எமது இலங்கை அணி அவருடைய அணியைக் கோலின்றிச் சமநிலையில் மடக்கியதை இவ்விடத்திற் சற்று மகிழ்ச்சியோடு நினைவுகூர வாசகர் எம்மை அனுமதிப்பர்.) 2024 யூன் 17ஆந் திகதி சம்மேளனம் அவரை நீக்கியது. ஒப்பந்தத்தை இடைநடுவில் முறித்தமைக்காகப் பின்னர் நான்கு இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நாட்களைப் பற்றிய சண்டையினும் ஆழமான சண்டை ஒன்றுண்டு. அது விதை பற்றியது. கோல் போடும் முன்னணி இடங்களைக் கழகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டாருக்கே கொடுக்கின்றன. வெற்றியை வாங்க வேண்டிய கழகத்துக்கு அது இலாபம். நாட்டின் அணிக்கோ அவ்விடம் தரிசு. களத்தில் நிற்கும் வெளிநாட்டாரின் தொகை 2021இல் ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டும் நிலைமை பெரிதும் மாறவில்லை. சுனில் சேத்ரி 94 கோல்களுடன் 2024 யூன் மாதம் ஓய்வு பெற்றார். ஓராண்டு கழியுமுன், 2025 மார்ச் மாதத்தில், நாற்பது வயதான அவரையே மீண்டும் அழைக்க நேர்ந்தது. மாலைதீவுக்கு எதிராக அவரே கோல் போட்டார். அவருடைய பெருமைக்கு இது சான்று. பத்தாண்டு கடந்த லீக்கின் பெருமைக்கு எதற்குச் சான்று?

ஸ்டிமாக்குக்குப் பின் சம்மேளனம் ஒரு விசித்திர மருந்தைக் கண்டுபிடித்தது. கோவாக் கழகத்தின் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸையே நாட்டின் அணிக்கும் பயிற்சியாளராக்கி, ஒரு பருவம் முழுவதும் இரு பதவிகளையும் வகிக்க விட்டது. இரு கட்சிக்கும் ஒரே நியாயதுரந்தரர் ஆசராகும் வழக்கை எந்த நீதிபதி ஏற்பார்? எட்டு ஆட்டங்களில் ஒரேயொரு வெற்றி கண்டு, 2025 ஜூலையில் அவர் விலகினார். அடுத்து வந்த காலித் ஜமீல், ஓகஸ்ட் மாதத்தில் முதல் முகாமைக் கூட்டியதும், கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் தன் ஆட்டக்காரரை அனுப்ப மறுத்தது. சர்வதேச நாட்கள் இன்னும் தொடங்கவில்லையென்றது. நாட்டுக்காக ஆடிக் காயமுற்ற தன் ஆட்டக்காரருக்குச் சம்மேளனம் செய்ததென்ன என்றும் கேட்டது. அந்த இரண்டாவது கேள்வி நேர்மையான கேள்வி. ஊதியங் கொடுப்பது கழகம், காயம் வாங்கிக் கொடுப்பது சம்மேளனம் என்ற ஏற்பாட்டை எந்தக் குத்தகைக்காரனும் ஒப்பமாட்டான்.

இதனிடையே 2010ஆம் ஆண்டு ஒப்பந்தம் காலாவதியாகும் நாள் நெருங்கியது. புதுப்பிப்பதில் உடன்பாடு காணாமையால், 2025 ஜூலையில் லீக்கை நடத்திய நிறுவனம் புதிய பருவத்தை நிறுத்தி வைத்தது. பயிற்சியாளரின் பகைவன் என்று பேசப்பட்ட லீக் களத்திலேயே இல்லை! இனி இந்திய அணி ஓங்கி நின்றிருக்க வேண்டுமன்றோ? ஒக்டோபர் 14ஆந் திகதி மார்கோவாவிற் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்திற்குச் செல்லும் வாய்ப்பை அது இழந்தது. லீக் ஓடும்போது ஆட்டக்காரருக்குப் பயிற்சிக்கு நேரமில்லை. ஓடாதபோது அவர்களுக்கு ஆட்டமேயில்லை.

பிறர் வீட்டு விவகாரம் எமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். மன்னாரிலும் குருநகரிலும் உதைபந்தாட்டத்தை உயிராய்க் கருதும் மக்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். 2023ஆம் ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேலாகப் பீபாவின் தடைக்குள் கிடந்த நாடு எமது நாடு. அயலவனின் பிழையை இலவசமாகப் படிக்கும் வசதியை நாம் ஏன் விடவேண்டும்?

2025 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சம்மேளனத்தின் புதிய யாப்பை அங்கீகரித்தது. லீக்கின் வாணிப உரிமைக்கு ஒக்டோபரிற் கேள்விப்பத்திரம் கோரப்பட்டபோது ஒருவர்தானும் விலை கூற முன்வரவில்லை. இந்நிலையில், பணங் கொண்டு வருவோர் எவராயினும் அவர் காலில் விழும் ஆசை சம்மேளனத்துக்கு எழுவது இயல்பே. எழுதப்படும் எந்தப் புதிய ஒப்பந்தத்திலும் மூன்று வாசகங்கள் இடம்பெறல் வேண்டும் என்பது எமது கோரிக்கை. பீபாவின் நாட்களுக்கு மேலாக நாட்டின் அணிக்கு ஆண்டுதோறும் எத்தனை நாட்கள் என்பது பருவந் தொடங்குமுன் குறிக்கப்படல் வேண்டும். அது கழகங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தல் வேண்டும். அந்நாட்களிற் காயமுறும் ஆட்டக்காரரின் ஊதியத்தையும் மருத்துவச் செலவையும் சம்மேளனமே ஏற்றல் வேண்டும்.