பறக்கும் ரயிலில் ஒரு சனி, ஞாயிறு
சுற்றுலாத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

நான் திருவல்லிக்கேணியில் குடியிருப்பவன். வெளியூரிலிருந்து உறவினர் வந்தாலும் நண்பர் வந்தாலும், அவர்களை நகரத்துக்குள் அழைத்துப் போகும் வேலை என் தலையில்தான் விழும். பலருக்குக் கையில் இருப்பது ஒரு வார இறுதி மட்டுமே. வெள்ளி இரவு கோலாலம்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து இறங்குவார்கள். திங்கள் காலை மதுரைக்கோ பெங்களூருக்கோ கிளம்ப வேண்டும். இடையில் இரண்டு நாள் சென்னை. "என்ன பார்க்கலாம்?" என்று ஓட்டல் வரவேற்பறையில் கேட்டாலும் வாடகைக் கார் ஓட்டுநரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: மாமல்லபுரம். இன்னும் நேரமிருந்தால் காஞ்சிபுரம். உங்கள் துறையின் சுற்றுலாப் பேருந்துகளும் அந்த வழியில்தான் போகின்றன.

இரண்டும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால், சென்னைக்கு வந்தவரைச் சென்னையை விட்டு வெளியே அனுப்புவதே நம் சுற்றுலாத் திட்டம் என்றால், இந்த நகரத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். உண்மை அதற்கு நேர்மாறானது. பார்க்க வேண்டிய கட்டடங்களும் தின்ன வேண்டிய பண்டங்களும் ஒரே ரயில் பாதையில், கடற்கரை நிலையத்திலிருந்து திருமயிலை வரை, சுமார் 9 கிலோமீட்டருக்குள் வரிசையாக இருக்கின்றன. பயணச்சீட்டு ஒரு தேநீர் விலைகூட ஆகாது. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும் ஓடத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் அதை யாரும் சுற்றுலாப் பாதையாகப் பார்க்கவில்லை. பாருங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

சனிக்கிழமை மாலையிலிருந்து தொடங்குகிறேன். விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம் நிலையத்திலோ மண்ணடியிலோ இறங்கலாம். மண்ணடியிலிருந்து துறைமுகப் பக்கம் நடந்தால் செகண்ட் லைன் பீச். பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைப் பிசையும் கைகள் சுறுசுறுப்பாகிவிடும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் போட்டு, மேலே பேஜோ என்ற பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே கலந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சூப். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அதன்பின் கடைகளும் வணிகமும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் அதன் வாசலிலேயே பிழைப்பைத் தொடங்கினார்கள். 1969இல் பர்மா பஜார் வந்தது. அவர்கள் நாக்கில் கொண்டுவந்த ருசி இன்று வடசென்னையின் சொந்தச் சாப்பாடு. ரங்கூனுக்குப் போகாமலே ரங்கூன் சாப்பாடு கிடைக்கும் இந்தத் தெருவைப் பற்றி, வந்து இறங்கும் பயணிக்குச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இல்லை.

அங்கிருந்து தங்க சாலைப் பக்கம் நடந்தால் சௌகார்பேட்டை. குஜராத்தியும் மார்வாடியும் பேசும் வியாபாரிகளோடு வந்த சாட் வகைகள் நம் முறுக்கைச் சந்தித்துப் பிறந்த முறுக்கு சாண்ட்விச்சை, இரண்டு முறுக்குக்கு நடுவில் வெள்ளரியும் தக்காளியும் சட்னியும் வைத்துத் தருவார்கள். சனி இரவுக்கு இது போதும்.

ஞாயிறு காலை மறுபடி அந்தப் பக்கமே, பாரிமுனைக்கு வர வேண்டும். வார நாளில் அண்ணாந்து பார்க்க முடியாத இடம் அது; பார்த்தால் மீன்பாடி வண்டி மோதும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், தெரு காலியாக இருக்கும், மாடிகள் கண்ணுக்குத் தெரியும். அரண்மனைக்காரத் தெரு என்று மக்கள் வாயில் மாறிப்போன ஆர்மேனியன் தெருவில், 1772இல் திரும்பக் கட்டிய ஆர்மேனிய தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் இந்த ஊரில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். ராஜாஜி சாலைக்கு வந்தால் ராபர்ட் சிசோம் வடிவமைத்த தலைமை அஞ்சலகம். சற்றுத் தள்ளி, அன்று மெட்ராஸ் வங்கியாக இருந்து இன்று ஸ்டேட் வங்கியாக இருக்கும் செங்கல் மாளிகை. அதன் வடிவமைப்பில் பங்கெடுத்த ஹென்றி இர்வின்தான் மைசூர் அரண்மனையை வடிவமைத்தவர். மைசூரில் சீட்டு வாங்கி வரிசையில் நின்று பார்க்கிறோம். அதே ஆளின் கைவண்ணம் உயர் நீதிமன்றத்திலும், எழும்பூர் ரயில் நிலையத்திலும், அருங்காட்சியக வளாகத்திலும் இருக்கிறது. தினமும் பேருந்தில் கடந்து போகிறோம். உயர் நீதிமன்றத்தைக் கட்டி எழுப்பிய ஒப்பந்ததாரர் நம்மூர் நம்பெருமாள் செட்டி. அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அமைச்சர் அவர்களே, புதிதாக எதையும் கட்டாமல் ஒரு சுற்றுலாப் பாதை வேண்டுமா? சென்னையின் நான்கு கலங்கரை விளக்கங்களை இணையுங்கள். முதல் விளக்கு 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்தது. இரண்டாவது, 1844இல் ஒளி தரத் தொடங்கிய கல்தூண். உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்னும் நிற்கிறது. மூன்றாவது, 1894 முதல் உயர் நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்திலேயே எரிந்த விளக்கு. நீதிமன்றமே கப்பலுக்கு வழிகாட்டிய ஊர் இது. நான்காவது, 1977இல் மெரினாவில் வந்தது. மேலே ஏறிப் பார்க்கலாம். முதல் மூன்றும் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். நான்காவதன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கோட்டைக்குள் போகிறவர் 1680இல் திறக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் திருமணம் அங்கேதான் நடந்தது.

பறக்கும் ரயிலில் ஏறிப் பூங்கா நகரில் இறங்கினால் சென்ட்ரலும், 1913இல் லோகநாத முதலியார் கட்டி முடித்த வெள்ளை ரிப்பன் மாளிகையும். சேப்பாக்கத்தில் இறங்கினால், ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் குடிபுகுந்த அரண்மனை. அது எழிலகத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் மெரினாவில் நடக்கும் லட்சம் பேரில் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. இந்தோ சாரசெனிக் என்று பின்னால் நாடெங்கும் பரவிய பாணிக்கு இதுவே தொடக்கம் என்று கருதுவோர் பலர். பக்கத்திலேயே சிசோம் 1879இல் முடித்த பல்கலைக்கழக செனட் மாளிகை. ஒரு பாணி எங்கே தொடங்கி எப்படி வளர்ந்தது என்பதைச் சில நிமிட நடையில் காட்டிவிடலாம்.

மதியச் சாப்பாட்டு வேளைக்கு எங்கள் திருவல்லிக்கேணி. நவாப் வந்ததால் பெரிய பள்ளிவாசல் வந்தது; 1795இல் மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லிலேயே எழுப்பியது. அதைச் சுற்றி பிரியாணி மணம். சில தெரு தள்ளிப் பார்த்தசாரதி கோயில். அதைச் சுற்றிப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் ரத்னா கபே. இட்லி சாம்பாரில் மிதக்காது, மூழ்கும். வாளியோடு வந்து மேலும் ஊற்றுவார்கள். கடைசியாகத் திருமயிலையில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில், மாட வீதி, காளத்தி கடை ரோஸ் மில்க், ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் பொங்கலும் நீட்டும் ஜன்னல் கடை. துறைமுகம் கொண்டுவந்த சாப்பாடு ஒரு முனையில், கோயில் வளர்த்த சாப்பாடு மறு முனையில், நவாப் தந்தது நடுவில். எந்தக் கட்டடத்தை யார் கட்டினார்களோ அவர்கள் சாப்பாடு அதன் நிழலிலேயே இருக்கிறது. இப்படி ஒரு பாதை எத்தனை நகரங்களுக்கு வாய்க்கும்?

இனி என் கோரிக்கைகள். பெரிய செலவு வைப்பவை எதுவும் இல்லை.

முதலாவது, கதவைத் திறங்கள். மேலே சொன்ன கட்டடங்களில் பலவற்றை வெளியிலிருந்து பார்ப்பதற்கே காவலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேமராவைத் தூக்கினால் விசில் ஊதுகிறார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. மும்பையில் மாநகராட்சித் தலைமையகத்தையும் உயர் நீதிமன்றத்தையும் வார இறுதியில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க 2021இல் மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏற்பாடு செய்தது. அங்கே இல்லாத பாதுகாப்புச் சிக்கல் இங்கே மட்டும் என்ன? ஞாயிற்றுக்கிழமை வழக்கு இல்லை, வகுப்பு இல்லை, கோப்பும் நகர்வதில்லை. முன்பதிவு, அடையாள அட்டை, சிறு குழு, ஒரு வழிகாட்டி என்ற ஒழுங்கோடு செனட் மாளிகையையும் சேப்பாக்கம் அரண்மனையையும் திறக்கலாம். நீதிமன்றம் உங்கள் அதிகாரத்துக்குள் இல்லை. ஆனால் தலைமை நீதிபதிக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுத உங்களால் முடியும்.

இரண்டாவது, பலகை வையுங்கள். யார் வடிவமைத்தது, யார் கட்டியது, எந்த ஆண்டு, எதற்காக என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி போதும். திறப்பு விழா நடத்தியவர் பெயர் வேண்டாம். அத்தோ விற்கும் தெருவுக்கும் அப்படி ஒரு பலகை வேண்டும்.

மூன்றாவது, பறக்கும் ரயில் நிலையங்கள். அவை ரயில்வேயின் பொறுப்பு என்பது தெரியும். ஆனால் அந்தப் பிரம்மாண்டக் கூடங்களில் மாலையானால் இருட்டு, நாற்றம், ஆள் நடமாட்டமின்மை. தனியாக வரும் பெண்ணை அங்கே இறங்கச் சொல்ல எனக்கே தயக்கம். ரயில்வேயோடு உட்கார்ந்து பேசி ஒன்பது நிலையங்களிலும் விளக்கு, சுத்தமான கழிப்பறை, சுற்றுப்புறத்தைக் காட்டும் ஒரு வரைபடம், வார இறுதியில் ஒரு காவலர் ஆகியவற்றை வாங்கித் தாருங்கள். பயணிக்கு மட்டுமல்ல, தினமும் போகும் எங்களுக்கும் அது உபகாரம்.

நான்காவது கோரிக்கை, தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள் என்பது. தெருச் சாப்பாடு என்றதும் அதிகாரிகளுக்கு உணவுத் திருவிழாவும் ஒரே நிறக் கூடாரங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அத்தோ வண்டியை அங்கிருந்து பெயர்த்து ஒரு மைதானத்தில் வைத்தால் அது வெறும் நூடுல்ஸ். வண்டிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். குடிநீர்க் குழாய், கழிவுத் தொட்டி, விளக்கு, கைகழுவும் இடம் கொடுங்கள். சாலையோர வியாபாரிகளைக் காக்க 2014இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று சொல்லி அவர்களை விரட்டினால், பயணி பார்க்க வந்ததையே அப்புறப்படுத்தியதாகும்.

நம்மால் முடியாத வேலை இது என்று சொல்ல முடியாது. சேப்பாக்கம் அரண்மனையில் 2012இல் தீக்கிரையான கலச மகால் பகுதியைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. அதே நகரத்தில் அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள்; மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போய், 2010இல் தீர்ப்பு வாங்கித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2012இல் பாரம்பரிய ஆணையத்துக்கென்று சட்டமன்றம் சட்டமும் இயற்றியது. கைத்திறன், சட்டம் இரண்டும் இருக்கின்றன. மக்கள் வந்து பார்க்கும் கட்டடத்தை இடிக்க யாருக்கும் துணிவு வராது. யாரும் எட்டிப் பார்க்காத கட்டடம்தான் முதலில் விழும். அதனால் கதவைத் திறப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை வாரம் கொண்டாடும்போது ஊரெங்கும் மரபு நடைகள் நடக்கின்றன. தன்னார்வலர்கள் சொந்தக் காசில் நடத்துகிறார்கள்; இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆண்டின் மீதி 51 வாரத்திலும் விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தத் தன்னார்வலர்களையும் கட்டடக்கலை மாணவர்களையும் அழைத்துப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்தால், ஒவ்வொரு வார இறுதிக்கும் வழிகாட்டிகள் தயார்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதுகாப்பு வாகனங்கள் இல்லாமல், கடற்கரை நிலையத்தில் சீட்டு வாங்கித் திருமயிலை வரை வாருங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்குங்கள்; எந்தக் கதவு மூடியிருக்கிறது, எங்கே பலகை இல்லை, எங்கே கழிப்பறை இல்லை என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பையே அரசாணையாக்குங்கள். வேறு அறிக்கை எதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணிவாசி ஒருவன்