எரிமலையும் யூரியா மூட்டையும்

பூமிக்கு மேலே சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓஸோன் என்னும் வாயு மிகுந்து நின்று, சூரியனுடைய புறவூதாக் கதிர்களில் கொடியவற்றைத் தடுத்துப் பயிர்களையும் பிராணிகளையும் காத்து வருகின்றது. எரிமலைகளாலும் இப்படலம் மெலிவதுண்டு என்று கேள்வியுற்ற சிலர், "இயற்கையே செய்யும் கேட்டுக்குக் குடியானவன் என் செய்வான்?" என்று வாளாவிருந்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது.

1991-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பிலிப்பைன் தீவுகளிலுள்ள பினடூபோ எரிமலை வெடித்து, ஏறக்குறைய 2 கோடி டன் கந்தக வாயுவை ஆகாயத்தில் வீசிற்று. அது நுண்ணிய கந்தகத் திராவகத் துளிகளாகி உலகெங்கும் பரவ, அடுத்த இரண்டு வருஷங்களில் ஓஸோன் குறைந்தது. ஆயினும் அத்துளிகள் தாமாகவே ஓஸோனை அழித்தில. குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றினின்றும் மனிதர் வெளியிட்ட குளோரின் அங்கே முன்னரே தேங்கியிருந்தது. துளிகளின்மேல் அது வீரியம் பெற்று ஓஸோனைச் சிதைத்தது. விறகை அடுக்கி வைத்தவன் மனிதனே. எரிமலை அதற்குப் பொறியாயிற்று.

1987-ஆம் வருஷத்து மாண்ட்ரியால் உடன்படிக்கையால் அக்குளோரின் வாயுக்கள் கட்டுப்படுத்தப்பட்டன. இந்தியா 1992-இல் அதிற் சேர்ந்தது. ஆனால் நைட்ரஸ் ஆக்ஸைட் என்னும் வாயு அவ்வுடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்படவில்லை. தழைச்சத்து உரங்கள் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் மாறுதலடையும்போது அது உண்டாகி, நூறு வருஷத்துக்கு மேலும் ஆகாயத்தில் நிலைக்கின்றது. மனிதர் இன்று வெளியிடும் ஓஸோன் நாசினிகளில் இதுவே தலையாயது என்று 2009-இல் விஞ்ஞானிகள் கணித்தனர்.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் நிலங்களுக்கு இதில் நேரான சம்பந்தமுண்டு. ஐப்பசி மழையில் கரிசல் நீரைப் பிடித்துக்கொள்ள, மண்ணுள் காற்றோட்டம் குன்றுகின்றது. அவ்வமயம் அளவுக்கு மிஞ்சி யூரியாவை வீசினால், பயிருக்கு எட்டாத சத்து இவ்வாயுவாகவும் கழிகின்றது. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. அதில் வீணாவது குடியானவரின் கைப்பணமே.

ஆதலின் மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவை அறிந்து, இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து, நீர் தேங்காத சமயத்தில் இட்டு மண்ணால் மூடுதல் நலம். 2015 முதல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெல்லக் கரையும். அதனால் மிகுதியாய் இடலாமென்பதன்று. ஒரு கிராமத்தின் சிக்கனம் ஓஸோனை உடனே தடிக்கச் செய்யாது. எனினும் செலவு குறைவதை அப்போகத்திலேயே காணலாம். கிராம அதிகாரிகள் மண் பரிசோதனை முடிவுகளைக் கிராம சபையில் விளக்கி, உரம் வாங்குமுன்னரே ஒவ்வொருவரும் தம் நிலத்தின் தேவையை அறியச் செய்தல் அவர்களது கடமையாம்.